பாங்கு கேட்டால் விழும் பெட்டி

நஜ்முன் நிஸா அன்று காலை குசினிக்குள் போகும்போதே ஒரு முடிவோடுதான் போனாள். இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் வாயைத் திறப்பதில்லை.

அந்த முடிவு பாதித் தேங்காய் துருவி முடியும் வரைகூடத் தாங்கவில்லை.

“ஜெஸ்மின், என்ட மகள்ட பெட்டியைப் பத்தி நீ கதைக்க வேணாம். உன்ட வீட்டு பிரிஜ் நோன்பிலயிருந்து பழுதாக் கிடக்கு. முதல்ல அதைப் போய்ப் பார்” என்று வேலிக்கு மேலால் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஜெஸ்மின் கறிவேப்பிலை கேட்டு வந்தவள். வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். “அதுக்குள்ள ஷைத்தான் கிடக்கு ராத்தா. பாங்குச் சத்தம் கேட்டாத்தானே விழுது. ஆரையாவது கூப்பிட்டு ஓதிப் பாருங்களன்” என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதால் வந்த வினை அது.

ஜெஸ்மின் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நஜ்முன் நிஸாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஜெஸ்மின் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மகள் ஸல்ஹாவின் கணினி, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரம் பார்த்துத்தான் தானாக அணைந்து விழுந்துகொண்டிருந்தது.

இதுவரை நடந்தது தெரியாதவர்களுக்காக, அவள் தேங்காய் துருவி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஸல்ஹா, நஜ்முன் நிஸாவின் இளைய மகள். கட்டட வரைகலை படித்தவள். கிண்ணியாத் துறையடியில் கட்டப்போகும் புதிய மீன் சந்தைக்கு ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஒரு கம்பனி வரைபடம் கேட்டிருந்தது. ஸல்ஹா வரைபடத்தோடு நிற்கவில்லை. சந்தையையே கணினிக்குள் கட்டி வைத்துவிட்டாள். உள்ளே நடந்து போகலாம். நிமிர்ந்து கூரையைப் பார்க்கலாம். எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்று பார்க்கலாம். ஏலம் கூறும் இடம், ஐஸ் அறை, மீன் கழுவின தண்ணீர் ஓடும் கான் எல்லாம் அதற்குள் இருந்தன.

கம்பனியில் றோஸ் மேடம், ஊர் வாயில் றோஸ் மடம், என்ற பெரிய பொறியியலாளர் அதன் படங்களைப் பார்த்துவிட்டு, துறையடிக்கு நிலம் பார்க்க வரும் நாளில் வீட்டுக்கே வந்து நேரில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பிடித்தால் வேலை ஸல்ஹாவுக்கு. இல்லையென்றால் கொழும்பில் இன்னொருவர் காத்திருக்கிறார்.

அந்த நாள்தான் இன்று. மடம் பின்னேரம் வருகிறார். பெட்டியோ நேற்று மாலை மஃரிபுக்கும் விழுந்தது, இன்று விடியற்காலை சுபஹுக்கும் விழுந்தது. வாப்பா கட்டாரிலிருந்து ராத்திரி எடுத்த கோலில், “எல்லாம் சரிவரும் மகள்” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

முன் அறையில் குரல்கள் உயர்வது கேட்டது. நஜ்முன் நிஸா கையைத் துடைத்துக்கொண்டு குசினித் திரைச்சீலை வரைக்கும் வந்தாள். அதற்கு அப்பால் போகவில்லை. அங்கே மருமகன் இருந்தார்.

மருமகன் என்றால் றிஸ்வி. மூத்த மகள் பஹ்மியாவின் மாப்பிள்ளை. டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். ஸல்ஹாவின் பெட்டியைப் பொருத்திக் கொடுத்ததும் அவர்தான். கல்யாணத்தோடு இந்த வீட்டுக்கு வந்தவர், வந்த நாளிலிருந்து மாமியின் முகத்தைப் பார்த்து இரண்டு வசனம் சேர்த்துக் கதைத்ததில்லை. மாமியும் அப்படித்தான். சொல்ல வேண்டியதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சொல்லுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்பார். அது கோபமில்லை, மரியாதை.

“இஞ்ச பாருங்க” என்று திரையைக் காட்டினார் றிஸ்வி. “ஒண்டு தசம் நாலு. பெட்டி சும்மா கிடக்கு, ஒரு வேலையும் நடக்கேல்ல. சும்மா கிடக்கேக்க புரொசெசருக்கு இவ்வளவு வோல்டேஜ் போகக்கூடாது. நித்திரை கொள்ளுற ஆளுக்கு நெஞ்சு இப்பிடி அடிச்சா என்ன அர்த்தம்? மதர்போர்ட் பிழை.”

“நீங்க கடையில வச்சு நாள் முழுக்க முறிய முறிய வேலை குடுத்தீங்களே மச்சான். அப்ப விழேல்லயே?”

“விழேல்ல. ராமும் மாத்தினன், பவர் சப்ளையும் மாத்தினன். இனிப் போர்ட்தான் மிச்சம். கொழும்புக்கு அனுப்ப வேணும், இண்டைக்கு நடக்கிற வேலையில்ல. பேசாம லெப்டொப்பில படங்களாக் காட்டுங்க.”

“படமாக் காட்டுறதுக்கு அவங்க கிண்ணியாப் பாலம் தாண்டி வரத் தேவையில்ல. மெயில்ல அனுப்பியிருப்பன்.”

றிஸ்வி எழுந்து கடைக்குப் புறப்பட்டார். அவர் முகம் வாடிப் போயிருந்தது. தான் பொருத்திக் கொடுத்த பெட்டி, தான் இருக்கும் வீட்டிலேயே விழுகிறது. பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும்போதும் விழுந்தால் கடைக்கு என்ன பெயர் மிஞ்சும்?

அதை அவரைவிட அதிகமாக யோசித்துக்கொண்டிருந்தவள் பஹ்மியா. மோட்டார்சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகு அவள் கிணற்றடியில் நின்று போனில் யாரோடோ மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தாள். உம்மாவைக் கண்டதும் போனை வைத்துவிட்டாள்.

“ஆர் மகள்?”

“கடைக் கஸ்டமர் உம்மா” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக் கஸ்டமர் கடைக்குத்தானே எடுக்க வேண்டும் என்று நஜ்முன் நிஸாவுக்குத் தோன்றியது. ஆனால் அடுப்பில் வட்டிலாப்பத்துக்குப் பாகு காய்ந்துகொண்டிருந்தது. ஓடிவிட்டாள்.

நடுப்பகல் ளுஹர் பாங்கு கேட்டபோது ஸல்ஹா பெட்டிக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் பாங்கு கேட்டால் கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட வேண்டும். தைக்கிறவள் ஊசியை வைப்பாள், எழுதுகிறவள் பேனையை வைப்பாள். ஸல்ஹா கணினியில் திறந்திருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிவிட்டுத்தான் வுழூச் செய்து தொழப் போவாள். நஜ்முன் நிஸா சின்ன வயதிலிருந்தே பழக்கிய பழக்கம்.

இன்று அந்தப் பிள்ளைக்கு மனம் சரியில்லை. மச்சான் திறந்து விட்ட வோல்டேஜ் காட்டும் அந்தச் சின்னக் கட்டத்தை மூடாமலே எழுந்து போய்விட்டாள்.

நஜ்முன் நிஸா திரைச்சீலைக்குள் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது விழும், இப்போது விழும் என்று காத்திருந்தாள். பாங்கு முடிந்தது. மகள் தொழுது முடித்துத் தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு வந்தாள். பெட்டி விழவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்! விழேல்ல மகள், பாத்தியா? உன்ட வாப்பா சொன்ன மாதிரிச் சரிவந்திட்டுது!”

ஸல்ஹா சந்தோசப்படவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள்.

“இண்டைக்கு மட்டும் ஏன் விழேல்ல?”

“விழுந்தாலும் அழுவாய், விழாட்டியும் கவலைப்படுவாய். என்ன புள்ள நீ?”

“கொஞ்சம் இருங்க உம்மா. இஞ்ச வந்து என்னோட இருங்க.”

ஸல்ஹா அந்தக் கட்டத்தை மூடினாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். உம்மாவும் மகளும் காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரை நீலமாகி, இருண்டு, பெட்டி தானாக அணைந்து எழும்பியது.

“யா அல்லாஹ்!”

“சத்தம் போடாதீங்க. இன்னொருக்கா.”

மறுபடி அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்தாள். காத்திருந்தார்கள். விழவில்லை. மூடினாள். விழுந்தது. ஸல்ஹா கதிரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நஜ்முன் நிஸாவுக்கு ஒரு கணம் மகளுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்றுகூடப் பயம் வந்தது.

“உம்மா, சின்னதுல என்னைத் தொட்டில்ல போட்டிட்டு நீங்க அங்கால போனா ராத்தா என்ன செய்வா எண்டு சொல்லுவீங்களே?”

“தங்கச்சி நித்திரையா, தங்கச்சி நித்திரையா எண்டு வந்து வந்து தட்டிப் பாப்பாள். நீ முழிச்சு, முழிச்சிட்டாள் உம்மா எண்டு கத்துவாள்.”

“அதேதான் இது! இந்த வோல்டேஜ் பாக்கிற புரோகிராம் ராத்தா மாதிரி. செக்கனுக்கு ஒருக்காத் தட்டித் தட்டி, இப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு எண்டு கேக்குது. அதால புரொசெசர் நித்திரை கொள்ளவே இல்ல. முழிச்ச ஆளுக்குரிய வோல்டேஜைத்தான் காட்டுது. மச்சான் கண்ட ஒண்டு தசம் நாலு பொய்யில்ல. ஆனா அவர் பாத்ததாலதான் அது அப்பிடி நிண்டது.”

“அப்ப ஆரும் பாக்காட்டி?”

“பாக்காட்டி நித்திரைக்குப் போகும். நித்திரையில குறைஞ்ச வோல்டேஜ்தான் எடுக்கும். அந்தக் குறைஞ்ச அளவுதான் இதுக்குக் காணாது, போதாது. அதுதான் மயங்கி விழுது. கடையில நாள் முழுக்க வேலை, அதால விழேல்ல. நான் வேலை செய்யேக்கயும் விழாது. பாங்கு கேட்டா நாங்க எல்லாத்தையும் மூடிட்டு எழும்பிப் போறம். அப்பதான் அதுக்கு ஓய்வு. ஷைத்தானும் இல்ல, ஒண்டும் இல்ல.”

நஜ்முன் நிஸாவின் கண்கள் தாமாகவே வேலிப் பக்கம் போயின. இப்போதே ஓடிப்போய் ஜெஸ்மினிடம் சொல்லிவிட்டு வந்தால் என்ன? எப்படியோ அடக்கிக்கொண்டாள். டவுனில் கடை வைத்திருப்பவருக்குப் பிடிபடாத நோய், இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறது. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று மனம் துள்ளியது.

துள்ளின மனத்தின் மேல் அடுத்த வார்த்தை கல்லாக விழுந்தது.

“ஆனா புதுப் பெட்டிக்கு ஏன் அது போதாமப் போகுது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு ஸல்ஹா பெட்டியை அணைத்து, திரும்பப் போடும்போதே ஒரு பொத்தானைத் தட்டித் தட்டி வேறொரு திரைக்குள் போனாள். பெட்டியின் அடிப்படை அமைப்புகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. மேலும் கீழும் தேடினாள். ஒரு வரியில் விரல் நின்றது.

“இந்தா. புரொசெசர் வோல்டேஜுக்கு முன்னால மைனஸ் அடையாளம் போட்டுக் குறைச்சு வச்சிருக்கு. இது தானா வராது உம்மா. ஆரோ கையால போட்டது.”

நஜ்முன் நிஸாவின் கண் குசினித் திரைச்சீலைக்குப் போனது.

பெட்டி வந்த முதல் கிழமை அவளுக்கு நினைவிருக்கிறது. பின்பக்கத்தால் அடுப்பு வாயைப்போலச் சூடு வீசியது. கிண்ணியா வெக்கைக்கு அது போதாதென்று, மகள் காலையிலிருந்து மாலைவரை அதற்குப் பக்கத்திலேயே இருந்தாள். நெருப்புப் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் ஒருநாள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, “மருமகன், அந்தப் பெட்டிச் சூட்டை ஒருக்காக் குறைச்சு விடுங்களன்” என்று சொன்னாள். அவர் ஓம் மாமி என்றார். அடுத்த நாள் சூடு குறைந்தது. எவ்வளவு கெட்டிக்கார மருமகன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு அதை அத்தோடு மறந்துவிட்டாள்.

வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. றிஸ்வி கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருந்தார். நஜ்முன் நிஸா எழுந்து அவசரமாகக் குசினிக்குள் போய்விட்டாள்.

“மச்சான், இதை நீங்களா போட்டீங்க?”

றிஸ்வி திரையைப் பார்த்தார். பிறகு அவர் கண் திரைச்சீலைப் பக்கம் போய், உடனே நிலத்துக்குத் திரும்பியது. அதை நஜ்முன் நிஸா கண்டாள்.

“ஓம். நான்தான் போட்டன். சூடு குறையட்டும் எண்டு.”

“இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல? நான் நித்திரையில்லாம இருந்தது உங்களுக்குத் தெரியாதா?”

“வோல்டேஜ் காணாட்டி வேலை கூடேக்கதான் விழும் எண்டு நினைச்சன். அதுக்குத்தான் கடையில நாள் முழுக்க வேலை குடுத்துப் பாத்தனான். விழேல்ல. அப்ப அதில்ல எண்டு விட்டிட்டன்.”

“விட்டாலும் சொல்லியிருக்கலாம்தானே!”

அறைக்குள்ளிருந்து பஹ்மியா வெளியே வந்தாள். “என்ன ஸல்ஹா, மச்சானோட கதைக்கிற கதையா இது? உனக்காகக் கடையை விட்டிட்டு இந்தப் பெட்டிக்குப் பின்னால திரிஞ்சவர் அவர். எல்லாரும் சேர்ந்து அவரையே குத்தம் சொல்லுங்க!”

“நான் குத்தம் சொல்லேல்ல ராத்தா. சூட்டைக் குறைக்க வேணுமெண்டு ஆர் கேட்டது எண்டுதான்...”

றிஸ்வி வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார் என்று நஜ்முன் நிஸாவுக்குத் தெரியும். மச்சாளிடம் கெட்ட பெயர் எடுத்துக்கொண்டு நிற்பாரே தவிர, மாமியின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்.

நஜ்முன் நிஸா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முன் அறைக்கு வந்தாள். மருமகன் நின்றுகொண்டிருக்கும்போது அவள் அந்த எல்லையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

“நான் கேட்டனான்” என்றாள். “பெட்டி நெருப்பாக் கொதிக்குது, குறைச்சு விடுங்க எண்டு நான்தான் சொன்னனான். மருமகன் என்ட சொல்லைத் தட்டேல்ல. இப்ப என்ட பேரையும் சொல்லேல்ல. ஏச வேணுமெண்டா என்னை ஏசு.”

றிஸ்வி கையிலிருந்த மோட்டார்சைக்கிள் சாவியை மேசையில் வைத்தார்.

“மாமி கேட்டதுக்கு ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்ல” என்றார் றிஸ்வி, நிலத்தைப் பார்த்தபடியே. “சூட்டை வெளியேத்திற பேன் ஒண்டு கூட்டிப் போட்டிருக்க வேணும். அண்டைக்குக் கடையில பேன் இல்ல. வோல்டேஜைக் குறைச்சா உடனே சூடு குறையும் எண்டு அதைச் செய்தன். என்ட பிழைதான்.”

ஸல்ஹா உம்மாவைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள். பிறகு பொத்துக்கொண்டு சிரித்தாள். “நீங்க ரெண்டு பேரும் ஒருக்கா முகம் பாத்துக் கதைச்சிருந்தா இந்தப் பெட்டி ஒரு நாளும் விழுந்திருக்காது!” என்றாள். றிஸ்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். வோல்டேஜைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். பஹ்மியாவின் அறையிலிருந்த மேசைப் பேன் வந்து பெட்டிக்கு நேராக நின்றது. பஹ்மியா மட்டும் எதிலும் சேரவில்லை. உம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து அவள் முகம் வெளிறிக் கிடந்தது. மாப்பிள்ளைக்காகச் சண்டை பிடித்த படபடப்பு என்று நஜ்முன் நிஸா நினைத்துக்கொண்டாள்.

“ஒரு நாள் முழுக்கப் பாக்காம இதை நம்பேலாது” என்றார் றிஸ்வி. “அவங்க இருக்கிற நேரம் வோல்டேஜ் பாக்கிற விண்டோவைத் திறந்தே வச்சிருப்பம். அது திறந்திருந்தா எப்பிடியும் விழாது.”

“வேணாம் மச்சான். முட்டுக் குடுத்து நிப்பாட்டின பெட்டியில நான் என்ட சந்தையைக் காட்ட மாட்டன். சரியாக்கினமெண்டா சரியாக்கினதுதான்.”

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நஜ்முன் நிஸா யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பின்னேரம் ஜீப் வந்தது. றோஸ் மடத்தின் செருப்பில் துறையடி மணல் ஒட்டியிருந்தது. கூட வந்தவர் சிறில், கம்பனியின் தலைவர். அதிகம் பேசாத மனிதர். ரோல்ஸையும் இஞ்சித் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டார், முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

ஸல்ஹா சந்தையைத் திறந்தாள். நஜ்முன் நிஸா திரைச்சீலைக்குள் நின்று பார்த்தாள். மகள் சொல்லச் சொல்ல, சந்தை வாசலால் உள்ளே போய், ஏலம் கூறும் இடத்தைச் சுற்றி, ஐஸ் அறைக் கதவைத் திறந்து, எல்லாரும் உண்மையிலேயே நடந்து போவதுபோல இருந்தது.

“இந்த இடத்தில ஏன் தூண் வைக்கேல்ல?” என்று கேட்டார் றோஸ் மடம்.

“மீன் பெட்டி ஏத்தின தள்ளுவண்டில் இதாலதான் திரும்ப வேணும் மடம். தூண் வச்சா இடிபடும். பாரத்தை இந்த ரெண்டு பக்கத் தூணுக்கும் பிரிச்சு விட்டிருக்கிறன்.”

“வெயில்?”

ஸல்ஹா நேரத்தை நகர்த்தினாள். திரையில் சூரியன் மேற்கே சரிந்தது. கூரை ஓரம் நீண்டிருந்ததால் மீன் பரப்பும் கல்லில் வெயில் படவில்லை. சிறில் முதல் தடவையாகக் கதிரையில் முன்னால் நகர்ந்து இருந்தார்.

அந்த நேரம் பார்த்து அஸர் பாங்கு கேட்டது.

ஸல்ஹாவின் கை நின்றது. “பாங்கு சொல்லுது மடம், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினாள். சந்தை மறைந்தது. றோஸ் மடமும் கோப்பையை மெல்ல வைத்துவிட்டு அமைதியாக இருந்தார்.

றிஸ்வியின் கை மெதுவாக மவுஸை நோக்கிப் போனது. ஓர் அசை அசைத்துவிட்டால் போதும், பெட்டி தூங்காது. ஸல்ஹா அவரைப் பார்த்து மிக இலேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

பாங்குக்குப் பதில் சொல்ல வேண்டிய நஜ்முன் நிஸாவின் உதடு அசைந்தது, மனமோ பெட்டியின் முன்னால் எரிந்த சின்ன வெளிச்சத்திலேயே இருந்தது. இந்தப் பெட்டி இப்போது விழுந்தால் அவளுடைய மகளின் வேலை விழும். விழச் செய்தவள் அவள். யா அல்லாஹ், என் பயத்துக்கு என் பிள்ளையைத் தண்டித்துவிடாதே என்று கேட்டாள்.

ஊர்ப் பள்ளிவாசல் முஅத்தின் எப்போதும் நீட்டித்தான் பாங்கு சொல்லுவார். இன்றைக்கு இன்னும் நீட்டினார் போலிருந்தது. பேன் சுழன்றது. வெளிச்சம் எரிந்தது. கடைசி வார்த்தையும் முடிந்து ஊர் அடங்கியது. ஸல்ஹா துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டு மவுஸைத் தொட்டாள்.

திரை அப்படியே இருந்தது. சந்தை திரும்ப வந்தது.

நஜ்முன் நிஸா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. அவளுக்கு அந்த நேரம் இருந்த பெருமைக்கு, கிண்ணியாப் பாலத்தில் ஏறி நின்று, இவள் என் மகள், இவள் என் மகள் என்று கத்தியிருப்பாள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முட்டுக் கொடுக்காமல் நின்றாளே, அது போதும்.

வேலையும் கிடைத்தது. “கொழும்பு ஆளுக்கு இனி நாங்கள் கோல் எடுக்கத் தேவையில்லை” என்றார் சிறில். அவர் அந்த வீட்டில் பேசிய முதல் முழு வசனம் அதுதான்.

“நல்ல மெசின்” என்றார் றோஸ் மடம். “ஆர் செய்து தந்தது?”

“மச்சான்ட கடை மடம். டவுன்ல.”

“பொருத்தினது நான். பிழையைக் கண்டுபிடிச்சுச் சரியாக்கினது மச்சாள்” என்றார் றிஸ்வி உடனே. சொல்லும்போது அவர் தலை குனியவில்லை.

“பிழை இருந்ததா?” றோஸ் மடம் சிறிலைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப அந்தக் கோல் முழுப் பொய்யில்லைப் போல.”

“என்ன கோல் மடம்?”

“உண்மையைச் சொன்னால் இண்டைக்கு நாங்கள் இந்த வீட்டுக்கு வராமலே போயிருப்பம். காலம என்ட போனுக்கு ஒரு பொம்பிளை எடுத்தா. உங்கட மெசின் பழுது, காட்டுறதுக்கு ஒண்டும் இல்லை, வர வேண்டாம் எண்டா. பேர் கேட்டன், வைச்சிட்டா. சிறில்தான், துறையடிக்குப் போறம்தானே, எட்டிப் பார்ப்பம் எண்டார்.” றோஸ் மடம் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். “நம்பர் இதுக்குள்ள கிடக்கு. பாக்கப் போறீங்களா?”

நஜ்முன் நிஸாவின் பக்கத்தில் வட்டிலாப்பத் தட்டோடு பஹ்மியா நின்றுகொண்டிருந்தாள். தட்டில் கரண்டிகள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் போட்டன.

கிணற்றடி. மெல்லிய குரல். கடைக் கஸ்டமர். நஜ்முன் நிஸாவுக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஏன் செய்தாள் என்றும் அவளுக்குக் கேட்கத் தேவையில்லை. பெரிய மனிதர்களுக்கு முன்னால் பெட்டி விழுந்து, மாப்பிள்ளையின் கடைப் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தைப் பற்றி வாய் திறக்கத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது?

முன் அறையில் ஸல்ஹா திரைச்சீலையைப் பார்த்தாள். கரண்டிச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

“வேணாம் மடம்” என்றாள். “வந்திட்டீங்கதானே. அது போதும். ஐஸ் அறையின்ட பின்பக்கத்தை நீங்க இன்னும் பாக்கேல்ல.”

காலையிலிருந்து நஜ்முன் நிஸா எத்தனையோ பெருமைப்பட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது இதுதான்.

ஆனால் றிஸ்வி கதிரையை விட்டு எழுந்துவிட்டார். அவர் முகம் சிவந்திருந்தது. “இல்ல மடம். எங்கட புள்ளைட சோத்தில மண் போடப் பாத்தது ஆரெண்டு எனக்குத் தெரிய வேணும். அந்த நம்பரை ஒருக்காத் தாங்க” என்று கையை நீட்டினார். றோஸ் மடம் போனை அவர் பக்கம் திருப்பினார்.

பஹ்மியா உம்மாவின் கையைப் பிடித்தாள்.

இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று காலையில் எடுத்த முடிவை நஜ்முன் நிஸா கடைசித் தடவையாக உடைத்தாள்.

“மருமகன்!” என்று கூப்பிட்டாள். வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. “எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்ச ஒருக்கா வாங்க.”

மாமி கேட்டதற்கு ஏலாது என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். நம்பரை வாசிக்கும் முன்பே, நீட்டிய கை பாதியில் நின்றது. ஓம் மாமி என்று அவர் குசினியை நோக்கித் திரும்பினார். றோஸ் மடத்தின் கையில் அந்தப் போன், திரை வெளிச்சம் அணையாமல், இன்னும் றிஸ்வியின் பக்கமே திரும்பியிருந்தது.